மூடிய மணலுக்குள் ஒரு வீடு

மண்கும்பானுக்கும் சாட்டிக்கும் இடையில் கிடக்கும் மணற்பரப்பில் அகில இலங்கை இரவு ஓட்டப் போட்டி நடக்கப்போகிறது என்று முடிவானதும், பதிவுகளைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் வேலணையில் கணிதம் படிப்பிக்கிறவள். ஓட எனக்கு வராது. இந்த விளையாட்டோடு சில வருடப் பழக்கம் மட்டும் உண்டு. கையில் வரைபடமும் திசைகாட்டியும், நெற்றியில் கட்டிய ரோச் லைற்றும்தான் ஓடுபவருக்குத் துணை. இருட்டில், வடலிகளுக்கும் பற்றைகளுக்கும் நடுவே வைத்திருக்கும் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருவர் போய்ச் சிறிது நேரம் கழித்துத்தான் அடுத்தவரை விடுவோம். குறைந்த நேரத்தில் திரும்பி வந்தவருக்கே வெற்றி.

பதிவு என்றால் பெயர் எழுதுவதோடு முடிவதில்லை. எவருக்கும் மற்றவரைவிடக் கூடுதலாக ஒரு வசதி கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதற்குள்தான் வரும். அதற்காகவே நிலத்தை மூடுவோம். போட்டியை அறிவித்த நாளிலிருந்து, ஓட விரும்பும் எவரும் அந்த மணலுக்குள் காலடி வைக்கக் கூடாது. பெருந்தெருவால் பஸ்ஸில் போகலாம், இறங்கி உள்ளே நடக்க முடியாது.

மூடிய நிலத்துக்குள் சில வீடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று அவளுடையது.

கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அவள். ஊர்காவற்றுறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மலைநாட்டில் படித்த காலத்தில் இந்த ஓட்டத்தைப் பழகி, தேயிலைச் சரிவுகளிலும் பைன் காடுகளிலும் அந்த ஊர்க்காரரோடு ஓடி, எப்போதும் ஓரிரு இடம் தள்ளியே வந்தவள். சொந்த மணலில் போட்டி என்றதும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஓடலாமோ?"

"உம்மடை வீடு உள்ளுக்கை எல்லோ இருக்கு. இப்பவே வெளிக்கிட்டு, போட்டி முடியுமட்டும் வராமல் இருந்தால் ஓடலாம்."

"ஒருக்காலும் வரக்கூடாதோ?"

"ஒருக்காலும்."

கொஞ்சம் யோசித்தாள். "அந்த மணலிலைதான் நான் நடைபழகினது. கொஞ்ச மாசம் போகாட்டி மறந்துபோகுமோ அக்கா?"

"மறக்காது. ஆனால் படம் கீறுறவை இனி அங்கைதான் திரியப்போகினம். குறியளை எங்கை வைக்கலாம் எண்டு பாப்பினம். உம்மடை படலையிலை நிண்டால் அதெல்லாம் உமக்குத் தெரியும். மற்றவைக்குத் தெரியாது."

"ஓம்," என்றாள். "அது சரிதான்."

அடுத்த நாளே உடுப்புப் பையோடு காரைநகரில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து காலையும் மாலையும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஊர்காவற்றுறைக்குக் கடல் கடந்து வேலைக்கு வந்துபோனாள்.

அந்தக் கிழமையே அவளுடைய தகப்பன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கறுத்து ஒல்லியான மனிதர். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே நின்றார்.

"ரீச்சர், என்ரை பிள்ளை என்ரை வீட்டுக்கு வரக்கூடாது எண்டு சொன்னது நீங்களோ?"

இந்தத் தீவுகளில் 'உள்ளே போகக் கூடாது' என்ற சொற்களை விளையாட்டாக எடுக்க எவராலும் முடியாது. அவர் தன் இளமையில் பல வருடங்களை அகதி முகாமில் கழித்தவர். கடற்கரையில் தான் கட்டிய வீட்டைப் பார்த்துவர இராணுவத்திடம் அனுமதி கேட்டுக் கேட்டுத் திரும்பியவர். நானும் அப்படி ஒரு முகாமில் வளர்ந்தவள்தான். நிலத்தை ஏன் மூடுகிறோம் என்று மெதுவாக விளங்கப்படுத்தினேன்.

"அப்ப கொழும்பிலை இருந்து வாறவை என்ரை வளவுக்குப் பின்னாலை ஓடுவினம். அவள் வர ஏலாது."

"அவளும் ஓடுவாள் அண்ணை. அதுக்காகத்தான் இப்ப வராமல் இருக்கிறாள்."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெல்லுவாளோ?" என்று கேட்டார்.

"வெல்லக்கூடியவள்."

"அப்ப இருக்கட்டும்," என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

அதன் பிறகு அந்த விதியை என்னைவிடக் கண்டிப்பாகக் காத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு ஊர்காவற்றுறைக் கோயிலுக்குப் பூசைக்கு வருவார். மகளைக் கண்டு, கொண்டுவந்த மீனைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறுவார். ஒருநாள் அவள் கடையில் மருந்து எடுத்துத் தரும்போது, "அப்பா மெலிஞ்சு போனார் அக்கா," என்றாள். "என்ன எண்டு கேட்டால் வெயில் எண்டுறார். வீட்டை வந்து பாக்கட்டோ எண்டு கேட்டன். வந்தியெண்டால் படலையைப் பூட்டிப்போடுவன் எண்டு சொல்லிப்போட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவருக்கு நெஞ்சுநோ இருந்தது. மகளிடம் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் அவள் ஓடி வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். இதெல்லாம் பின்னர்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

போட்டிக்குச் சில நாட்கள் இருந்தன. யாருக்குப் பின் யார் புறப்படுவது என்று சீட்டுக் குலுக்கி, அந்த வரிசையையும் அறிவித்துவிட்டோம். ஒரு விடியற்புறம், வலையைத் தூக்கி வள்ளத்தில் வைக்கும்போது அவர் விழுந்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். அவள் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். தாய் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கடை ஓட்டத்துக்காக எனக்கு வாயைக் கட்டிப்போட்டார் ரீச்சர்," என்று அழுதா. அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் அந்தச் சொல் இன்னமும் என்னோடு இருக்கிறது. பின்னேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வடலிகளுக்கு நடுவே மணலால் நடந்து சேமக்காலைக்குப் போனோம். அவள் வெறுங்காலோடு முன்னால் நடந்தாள்.

இரண்டொரு நாளில் கறுப்புச் சட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நான் உள்ளுக்கை போனனான். என்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

"இரும், கேட்டுப் பாப்பம்," என்று கொழும்பில் இருந்த தலைமை நடுவருக்கு அழைத்தேன். நல்ல மனிதர். விடயம் முழுவதையும் கேட்டார். அவளுடைய பிரிவில் ஓடும் மற்றப் பெண்களிடம் கேட்கச் சொன்னார். ஒருவரும் மறுக்காவிட்டால் அவள் ஓடலாம், முழுப் பொறுப்பும் தனது என்றார். எனக்கு மனம் லேசாகிவிட்டது. அவளிடம் அதைச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "கேக்க வேண்டாம் அக்கா."

"ஏன்? ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம்."

"அதுதான். தேப்பனைப் பறிகுடுத்தவளை ஓட வேண்டாம் எண்டு ஆர் சொல்லுவினம்? மாட்டன் எண்டு சொல்ல ஏலாத ஆக்களிட்டை கேக்கிறது கேக்கிறதோ?" என்று கேட்டாள். "சேமக்காலைக்குப் போகேக்கை வழியிலை ரிபன் கட்டின தடியள் நிண்டது. குறி வைக்கிற இடம் எண்டு கண்டவுடனை விளங்கிச்சு. அப்பாவின்ரை பெட்டிக்குப் பின்னாலை நடக்கேக்கையும் அது என்ரை கண்ணிலை பட்டிட்டுது அக்கா. பாக்க வேணும் எண்டு நான் பாக்கேல்லை."

அதற்குமேல் பேச முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தத் தடிகளைக் கண்டதற்காக அவள் தன்னையே வெறுத்தாள் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் போய் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. போகும்போது, "வெட்டிப்போட்டியளோ?" என்று கேட்டாள். அவள் கண்முன்னாலேயே பெயரை எடுத்தேன்.

போட்டியன்று மைம்மல் பொழுதுக்குள் ஓட்டக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடற்காற்று பலமாக இருந்தது. சீட்டுக் குலுக்கிய பிறகு ஒருவர் விலகினால், மற்றவர்களை முன்னுக்குத் தள்ளுவதில்லை. விலகியவரின் நேரத்தை வெறுமையாகவே விடுவோம். புறப்படும் கோட்டில் மணிக்கூட்டோடு நின்றவள் நான்தான். அவளுடைய முறை வந்தது. விசில் ஊதவில்லை. கோட்டில் எவரும் இல்லை. அடுத்து ஓடவேண்டிய, பண்டாரவளையிலிருந்து வந்த பெண், கொச்சைத் தமிழில், "யார் இல்லை?" என்று கேட்டாள்.

"இந்த ஊர்ப் பிள்ளை. தகப்பன் தவறிப்போனார்."

பெயரையும் சொன்னேன். மலைநாட்டில் பல தடவை எங்கள் பிள்ளையோடு ஓடியவளாம் அந்தப் பெண். பெயரைக் கேட்டதும் நெற்றி லைற்றை அணைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். பின்னால் நின்றவர்களும் அணைத்தார்கள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குரிய நேரம் முழுவதும் அப்படியே கழிந்தது. பிறகு விசில் ஊதினேன், வெளிச்சம் மணலுக்குள் ஓடி மறைந்தது.

அன்று வென்றது அந்தப் பண்டாரவளைப் பெண். மறுநாள் காலை, ஊருக்குப் போகமுன் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள். போனோம். தாய் கதிரைகள் எடுத்துப் போட்டா. மகளும் வந்தவளும் சிங்களத்தில் மெல்லக் கதைத்தார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. வந்தவள் தன் வரைபடத்தை மடியில் விரித்துக் காட்டினாள். தாயும் எட்டிப் பார்த்தா. கடலோரமாக, மீன்பிடிக் கொட்டில் ஒன்றைக் குறித்த சின்னக் கறுப்புச் சதுரத்தில் மகள் விரலை வைத்து, "இது அப்பாவின்ரை வாடி," என்றாள்.

தாய் கனநேரம் அதைப் பார்த்தா. "ராத்திரி வாசலிலை இருந்து பாத்தனாங்கள்," என்று என்னிடம் சொன்னா. "வெளிச்சங்கள் வாறதும் போறதுமாய் இருந்தது. அந்த மனிசன் இருந்திருந்தால், எது தன்ரை பிள்ளையின்ரை வெளிச்சம் எண்டு கேட்டு என்னை நித்திரை கொள்ள விட்டிராது."

மகள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

இப்போது அவள் தாயோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வேலைக்குப் போய்வருகிறாள். பிறகும் ஒரு போட்டி வந்தது, அநுராதபுரத்துப் பக்கம். பதியட்டோ என்று கேட்டேன். "அம்மா தனியா இருக்கிறா அக்கா," என்றாள்.