திம்பம் ஏற்றத்தில் வெந்த இன்ஜின்

ஒரு லாரியின் இன்ஜினை நான் வேண்டுமென்றே கொன்றேன். பழுது பார்ப்பதாகச் சொல்லிக் கையில் வாங்கி, அது வெந்து சாகும்படி செய்து திருப்பிக் கொடுத்தேன். தெரியாமல் நேர்ந்த பிழை அன்று... பழி!

துடியலூரில் டீசல் பம்ப் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். என் தங்கை சுமதியைக் கட்டியவன் அன்னூர்க்காரன் துரைசாமி. குழந்தை இல்லை என்று அவளைத் துரத்தினான். அவளுடைய சேலைகளை உரச்சாக்கில் திணித்துத் தன் லாரியிலேயே எங்கள் வீட்டுக்கு அனுப்பினான். பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன்தான் ஒருநாள், ஒன்றுமே நடவாதது போல் என் பட்டறைக்கு வந்து நின்றான்.

"ஏனுங்க மச்சான், சௌக்கியமுங்களா? காங்கேயத்துல எண்ணெய் லோடு ஏத்திட்டுத் திம்பம் மலை ஏறுனா வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க."

மச்சான்! அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கு எப்படி நா எழுந்தது?

"உட்டுட்டுப் போங்க. பறக்கறாப்புல பண்ணித் தாரேன்" என்றேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். இன்ஜினுக்குள் டீசல் பாயும் அழுத்தத்தையும் அளவையும் ஓரளவு கூட்டினால் வண்டிக்கு வலு கூடும். எல்லை தாண்டினால் சூடு ஏறிப் பிஸ்டனே உருகிவிடும். அந்த எல்லை எதுவென்று எனக்குத் தெரியும். தெரிந்தே தாண்டினேன். ஸ்க்ரூவைத் திருகத் திருக, அந்த உரச்சாக்குதான் கண்ணில் நின்றது...

ஓட்டிப் பார்த்த துரைசாமிக்கு வாயெல்லாம் பல். அந்த வாரமே திம்பத்தில், பாதி ஏற்றத்தில், இன்ஜின் வெந்து நின்றது. கேள்விப்பட்டதும் சிரித்தேன். ஆம், வாய்விட்டுச் சிரித்தேன்! உங்களிடம் மறைப்பானேன்?

சுமதியிடம் ஓடிச் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"வண்டி ஓட்டுனவருக்கு ஒண்ணும் ஆகலீங்களாண்ணா?" என்றாள்.

அப்படி ஒருவன் இருப்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவன் பெயர் முருகேசன். காயம் ஏதுமில்லை. ஆனால் துரைசாமி அவனை என் பட்டறைக்கே இழுத்து வந்தான்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். இவன் கண்டபடி மிதிச்சு இன்ஜினைத் தின்னுபோட்டான். இல்லீனா பம்ப்புல கோளாறுங்களா?"

முருகேசன் என் முகத்தையே பார்த்தான். "பதனமாத்தானுங்க ஓட்டுனேன். கருகருன்னு பொகை வந்துச்சு. ஓரங்கட்டறதுக்குள்ள போயிருச்சுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா? சொல்லுங்ண்ணா..."

எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமே தெரியும்! ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பியிருப்பான். ஆனால்... துரைசாமியின் முன்னால் நான் தலைகுனிவதா?

"பம்ப்புல ஒண்ணுமில்லீங்க. ஓட்டுன கைதான் செரியில்ல" என்றேன்.

முருகேசன் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான்.

அதன்பின் அவனை நம்பி ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. இப்போது காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறான். துரைசாமியோ வேறு இன்ஜின் பூட்டி, அதே லாரியை ஓடவிட்டிருக்கிறான். நான் யாரைப் பழிவாங்கினேன்?

மண்டிப் பக்கம் போனால் முருகேசன் சுமையோடு நின்று, "நல்லா இருக்கறீங்ளாண்ணா?" என்று கேட்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவனுக்கு மறுபடி ஒரு வண்டி கிடைக்கலாம். ஆனால் துரைசாமி ஊரெல்லாம் என்னைக் காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்கவே முடியாது...

முருகேசன் முதுகில் இருக்கும் மூட்டையைத்தான், எப்படியோ, தாங்கிக்கொள்ள முடிகிறது.