தூசியாகிப் போன குளவி

குளவி கொட்டினால் மனிதன் குளவியாகிவிடுவான் என்று மூன்றாம் வகுப்பில் நான் உறுதியாக நம்பினேன். புழுவைக் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டியே குளவி அதைத் தன் இனமாக்கிவிடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். புழுவுக்கே அந்தக் கதி என்றால் என்னைப் பெற்ற நைனாவுக்கு?

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியின் எண்ணெய் டாங்குகளில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது நைனாவின் வேலை. ஏணியின் மேல்படிக்கு அடியில் குடம் அளவுக்குக் குளவிக்கூடு. இரண்டு வாரமாக வேலையாட்கள் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் கம்பெனியில் பெயிண்ட் டப்பாவை எண்ண ஓர் ஆள் உண்டு, கேட்டில் எங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆள் உண்டு. கூட்டை எடுக்க மட்டும் ஆள் இல்லை.

ஒருநாள் சுரண்டிய அதிர்வில் கூடே கிளம்பிவிட்டது. முகம் பூசணிக்காயாக வீங்கி, இடது கண் இருந்த இடமே தெரியாமல் நைனா வீட்டுக்கு வந்தார். அம்மா கன்னத்தில் சுண்ணாம்பு தடவ, நான் அவர் சட்டையைத் தூக்கி, இறக்கை முளைக்கிறதா என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"முதுகுல இன்னாடா தேடற?" என்றார். சொல்லத் தைரியமில்லாமல் ஓவென்று அழுதேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி ஒரு தாளும் மை டப்பாவுமாக வந்தார். "கைநாட்டு வெய்யிப்பா. வெச்சாத்தான் கம்பெனி டாக்டர் பாப்பாரு."

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக்கூட்டினேன்: 'வேலை செய்யும்போது கண்ணில் தூசி விழுந்தது.'

அம்மா எகிறினாள். "இது தூசி வுயுந்த மூஞ்சியா? குளவின்னு எய்து மேஸ்திரி!"

"அப்டி எய்தினா கூட்ட எடுக்கற வரிக்கும் வேலய நிறுத்தணும்மா. பூச்சிக்குப் பயந்துகினு குந்திகினு இருக்க முடியுமா?"

"நீ போயி அந்த ஏணி மேல குந்திகினு சொல்லு இத!"

நைனா கையை இழுத்துக்கொண்டார். "குளவின்னு எய்து, வெக்கறேன்."

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தாளிலேயே தூசி என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் கொட்டியது குளவி இல்லை, நைனா மனிதராகவே இருப்பார்! "தூசிதான் நைனா! வெச்சுடு நைனா!" என்று அழுது, அவர் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன். என் அழுகை தாங்காமல் வைத்துவிட்டார்.

"புள்ளைக்குக் கீற புத்தி உங்களுக்கு இல்லியே" என்று மேஸ்திரி என் தலையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பெருமைப்பட்டேன் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் தாள் எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் அதை மட்டும் பார்த்துத் தூசிக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். கூடு ஏணியிலேயே இருந்தது. நைனாவுக்கு இடது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.