ஆணி அக்காவும் அடங்காத பொத்தானும்

கட்டைவிரலால் கைப்பேசித் திரையை மேலே தள்ளுகிறார். பட்டியலோடு சேர்ந்து சிவப்புப் பொத்தானும் மேலே ஓடிவிடுகிறது. கீழே இழுக்கிறார், ஒன்றும் அறியாத பிள்ளைபோல் திரும்பி வருகிறது. "ஓடு, ஓடு. எங்க போயிடுவ? சாயங்காலத்துக்குள்ள உன்ன நிக்க வைக்கலன்னா நான் பேர மாத்திக்கிறேன்" என்கிறார். காலையிலிருந்து இது நாற்பதாவது சபதம். பெயர் இன்னும் மாறவில்லை.

அந்தப் பெயர் ஆணி அக்கா. பெற்றோர் வைத்தது வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எதையும் ஓரிடத்தில் அடித்து நிறுத்தாமல் விடமாட்டார் என்பதால் அலுவலகம் ஒருமனதாகச் சூட்டிய பட்டம் இது. வயது நாற்பத்து நான்கு. தொழில், இன்னும் பிறக்காத செயலிகளுக்கு மாதிரி செய்வது. தையற்காரர் ஓட்டுத்தையல் போட்டு உடுத்திப் பார்க்கச் சொல்வாரே, அதுபோல. பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். பட்டியலைத் தள்ளினால் நகரும். உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. "சில பெரிய மனுசங்க மாதிரி" என்று அவரே விளக்கம் தருவார், மேலாளர் அறைப் பக்கம் திரும்பாமலேயே.

தொழிலின் மூலதத்துவத்தை யார் கேட்டாலும் பேருந்தில் ஏற்றிவிடுவார். "பஸ்ல போறீங்க. வெளிய மரம், கடை, கம்பம் எல்லாம் ஓடுது. ஜன்னல் கம்பி ஓடுதா? ஓடாது. ஓடுறது ஸ்க்ரோல், நிக்கிறது ஃபிக்ஸ்டு. அவ்வளவுதாங்க." குடும்பத்துக்கும் இதே இலக்கணம். "எங்க வீட்டுல அவர் ஃபிக்ஸ்டு, சோபாவுல. நாந்தான் மேலயும் கீழயும் ஸ்க்ரோல்." கணவர் இதற்கு மறுப்புத் தெரிவித்ததாகத் தகவல் இல்லை. தெரிவிக்க எழுந்திருக்க வேண்டுமே.

மாதிரி செய்யும் மென்பொருளுக்கும் அவருக்கும் உள்ளது மாமியார் மருமகள் உறவு. யார் மாமியார் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும். 'நில்' என்று குறியிட்டால் பொத்தான் நிற்கும். அழகுக்காக அதை ஒரு பெட்டிக்குள் வைத்தால், பெட்டி ஓடுகிற கட்சி என்று தெரிந்ததும் பொத்தானும் கட்சி மாறிவிடும். வெளியே இழுத்துத் தனியாக நிறுத்தினால் பட்டியல் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போகும். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தால் நிற்கத்தான் செய்கிறது, திரையின் நட்டநடுவில். மேலாளர் எட்டிப் பார்த்து, "சின்ன விஷயம்தானேக்கா?" என்பார். அவர் அக்காவைவிடப் பத்து வயது இளையவர். பதவியில் இரண்டு படி மூத்தவர். "ஆமா தம்பி, சின்ன விஷயம்தான். கண்ணுல விழுற தூசிகூடச் சின்னதுதான்."

இது ஏதோ ஒரு பொத்தான் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை கேட்ட செயலி அது. அன்றன்றைக்கு விழுங்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஓட வேண்டும். 'உதவிக்கு அழை' என்ற சிவப்புப் பொத்தான் அடியில் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு முறை காட்டினார்கள். இரண்டு முறையும் பொத்தான் மானத்தை வாங்கிவிட்டு ஓடிப்போனது. மூன்றாவது முறையும் மருத்துவமனையின் கையெழுத்து விழாவிட்டால் இந்தத் திரை மேல்மாடிக் குழுவுக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான்கு மாதம் வளர்த்த திரை. "நான் பெத்த புள்ளைய எடுத்துப் பக்கத்து வீட்டுல குடுப்பாங்களாம். குடுத்துப் பாக்கட்டும்" என்றார் அக்கா. சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பொத்தான் நின்றது. பெரிய கணினித் திரையில் பட்டியலைத் தலையிலிருந்து கால்வரை விரித்துப் போட்டு, "நின்னா நிக்கணும், ஓடுனா ஓடணும். பாத்தீங்களா?" என்று காலி நாற்காலிகள் உட்பட அனைவருக்கும் அறிவித்தார்.

மறுநாள் காலை மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் வந்தார். ஆயிரம் ஊசி போட்ட கை. கைப்பேசியையும் நாடி பார்ப்பதுபோல்தான் பிடித்தார். தள்ளினார். பட்டியல் ஓடியது, பொத்தான் நின்றது.

"இப்பதாம்மா ஒழுங்கா நிக்குது."

"நிக்காம எங்க போகும் சிஸ்டர்? நான்ல சொல்லியிருக்கேன்!"

செவிலியர் கடைசிவரை தள்ளி, உதடசைத்து எண்ணினார். "ஒன்பது மருந்து. பேரு, நேரம் எல்லாம் தெளிவா இருக்கு. குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்." மேலாளர் தாளை நீட்டிய வேகத்தில் மேசைமேல் இருந்த தம்ளர் தண்ணீர் தளும்பியது.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. மாதிரிக்காக அவரே தட்டச்சு செய்திருந்தது பத்து. கைப்பேசியை வாங்கித் தள்ளினார். இன்னொரு முறை தள்ளினார். ஒன்பதோடு முட்டி நின்றது. அடியில் பொத்தான் நின்றால், பட்டியலின் வாலில் அதன் உயரத்துக்குக் காலியிடம் விட வேண்டும். விடாவிட்டால் கடைசி வரி பொத்தானுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு தள்ளினாலும் வெளியே வராது. பெரிய திரையில் விரித்துப் போட்டுப் பெருமைப்படுகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பத்தாவது, இரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. அது பட்டியலில் இருப்பதே செவிலியருக்குத் தெரியாது.

அக்காவின் விரல் பொத்தானின்மேல் நிலைத்திருந்ததைப் பார்த்து, அடியில் ஒரு வரி சிக்கியிருப்பது மேலாளருக்குப் புரிந்துவிட்டது. காதருகே குனிந்தார். "அக்கா, கையெழுத்து விழட்டும். ஒரு வரிதானே, அப்புறம் சரி பண்ணிக்கலாம். இல்லன்னா திரை நம்ம கைய விட்டுப் போயிடும்."

"அந்த ஒரு வரி உங்க அப்பாவோடதுன்னு வெச்சுக்கங்க தம்பி."

செவிலியரின் பேனா தாளைத் தொட்டு, முதல் எழுத்தின் சுழியைத் தொடங்கியிருந்தது. ஆணி அக்கா எட்டி, அந்தப் பேனாவை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவி, மூடியைப் போட்டு அழுத்தி, தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.