ஏழு அறை டப்பா

வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு என்று உறுதியாக நம்பிய ஆள் நான்.

என் மனைவிக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்காததால் காலையில் மாத்திரையை அவள் வாயில் போடுவது நான்தான். கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை உள்ள டப்பா வாங்கி, டாக்டர் புதிதாக எழுதிய மஞ்சள் மாத்திரையை அறைக்கு ஒன்றாக நிரப்பினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பத்து நாளில் அவள் வாயெல்லாம் புண். மந்தைவெளியில் மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தேன். கூடவே, மறக்காமல், அந்த மாத்திரையையும். சர்ச்சில் ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பத்தை விழுங்க முடியாமல் அவள் அழுதபோதுதான் பயம் வந்தது.

மருந்துக் கடையில் மனைவியின் வாய்ப்புண்ணுக்கு என்று வைட்டமின் மாத்திரை கேட்டேன்.

"வேற இன்னா மாத்திரை சாப்புடுறாங்க சார்?" என்றார் கடைக்கார அம்மா.

செல்போனில் இருந்த மருந்துச்சீட்டின் படத்தைக் காட்டினேன்.

"இது வாரத்துக்கு ஒண்ணுனு எழுதிகீதே. தெனமுமா குடுத்தீங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; வாரம் ஒன்று என்றுதான் இருந்தது.

"புண்ணு அதனாலதான் சார். மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தாள். பார்க்க வந்தவர்களிடம், "வெயில் சூடுதான்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் சீட்டை மூன்று முறை படித்த பிறகுதான் டப்பாவைத் திறக்கிறேன். அவள் மாத்திரையைப் பார்ப்பதே இல்லை. முன்புபோலவே, நான் நீட்டியதும் வாயைத் திறக்கிறாள்.