இருபத்து நான்கு நிமிடப் பாட்டு

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு நீளப்பாட்டுக்காரி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் ஒரு சிடி பிளேயர் வாங்கினாள். உள்ளே யாரோ மறந்து விட்டுப்போன தட்டு ஒன்று இருந்தது. அட்டையில்லை, பெயரில்லை. ஒரே ஒரு பாட்டு, இருபத்து நான்கு நிமிடம். பாடுகிறவன் வாயைத் திறக்கவே ஏழு நிமிடம் ஆகிறது. அதற்குள் கிடாரும் ஆர்கனும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி முறைத்துக்கொள்கின்றன. பிறகு சாக்சபோன் நுழைந்து பேச்சையே மாற்றிவிடுகிறது. முதல் நாள் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. நான்காம் நாள் பைத்தியமே பிடித்துவிட்டது.

"இது பாட்டா, தண்டனையா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார் கணவர். தலை துவட்டிக்கொண்டு வந்தபோதும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு ஹெட்போன்தான் கதி. ராக்கும் ஜாஸும் கலந்த அந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடித் தேடிப் போனில் சேர்த்தாள். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் அவளுக்கு அது தொட்டுக்கொள்ளத்தான் ஆகும்.

ஆனால் மனசில் ஒரு குறை. அந்த முதல் பாட்டை, நாலு பேர் நடுவில், நெஞ்சு அதிர, ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும். சலவைக்கூடத்தில் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. ஆளுக்கு ஒரு பாட்டு, முறை வைத்து. பாட்டு முடிந்தால் அடுத்தவர் முறை. அவளுக்கு அடுத்தவர் இஸ்திரி மாஸ்டர். அவளுடைய பாட்டில் பதினாலாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கி, ஒன்பது விநாடி சத்தமே இருக்காது. "முடிஞ்சு போச்சு!" என்று மாஸ்டர் பாய்ந்து தன் பாட்டைப் போட்டுவிடுவார். முதல் தடவை தெரியாமல் செய்தார். அடுத்த ஐந்து தடவை தெரிந்தே செய்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவை முழுசா ஓடட்டும். நடுவுல யாராவது 'போதும், நிறுத்து'ன்னு சொன்னா, இனிமே என் முறையே எனக்கு வேண்டாம். நீங்களே எடுத்துக்கங்க."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாறினா என்னை நீளப்பாட்டுக்காரின்னு கூப்பிடாதீங்க."

பாட்டு தொடங்கியது. கேலியும் கூடவே தொடங்கியது. "பாடுறவனுக்கு இன்னும் சம்பளம் போடலையா?" என்றார் மாஸ்டர். கூடம் சிரித்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அவளுடைய ஜோடிக்காரியே பெருமூச்சு விட்டாள். "அக்கா, சத்தியமா சொல்றேன், என்னால..." என்று ஆரம்பித்து, பந்தயம் நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். நீளப்பாட்டுக்காரிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எட்டாவது நிமிடத்தில் டிரம் ஏழு ஏழாக எண்ணத் தொடங்கியது. விரிப்பு மடிப்பதும் ஏழு அசைவுதான்: பிடி, உதறு, நீளவாக்கில் ஒன்று, இன்னொன்று, கிட்டே வா, குறுக்கே மடி, அடுக்கு. இதை அவள் ஆறு வருடமாகத் தனியாகத் தெரிந்துவைத்திருந்தாள். இப்போது ஜோடிக்காரியின் கைகளும் தானாக அதில் விழுந்தன. எதிர்மேசையில் இன்னொரு ஜோடியும் விழுந்தது. அடுக்கு மளமளவென்று உயர்ந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மாஸ்டரின் கால், ஏழுக்கு ஒரு தடவை, இஸ்திரி இயந்திரத்தின் நீராவி மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

பதினாலாவது நிமிடத்தில் அந்த ஒன்பது விநாடி வந்தது.

விரிப்பைப் பிடித்த அவள் கை பிடித்தபடியே நின்றது. மூன்று. நான்கு. மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு விருட்டென்று திரும்பினார்.

"யாருய்யா நிறுத்துனது? பாட்டைப் போடுங்க!"

ஜோடிக்காரிதான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேலேயே ஆர்கன் வந்து இறங்கியது. பின்னால் கிடார், சாக்சபோன், முதல் நிமிடத்தில் கேட்ட அதே மெட்டு இப்போது பத்து மடங்கு பெரிதாக. கூடமே தடதடத்தது. ஜெயித்துவிட்டாள்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெட்கப்படாமல் இரண்டையும் செய்தாள். பாட்டு கடைசி நொடி வரை ஓடி முடிந்தது.

"மாஸ்டர், இப்ப உங்க முறை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் தன் போனை எடுத்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். திரும்பச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

"என் முறைக்கும் அதையே போடு. முதல் ஏழு நிமிஷம் பேசியே கெடுத்துட்டேன்."