கன்னத்தில் விழுந்த பச்சைப் பந்து

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். செம்பாக்கம் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு நெல் விளைந்த இடம். இப்போது சிமென்ட் தளம் போட்டு, கம்பி வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கேதான் என் மானம் கப்பலேறியது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டுகிறவன். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே நீங்கள் தொங்கிக்கொண்டு போகிறீர்களே, அந்த வண்டியின் முன்னறையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள். வீடு இரும்புலியூர். கொஞ்சம் முன்கோபி. உட்கார்ந்தே வேலை பார்த்துப் பார்த்து ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நாற்பது வயதில் போய் டென்னிஸ் மட்டையைப் பிடித்தேன். பிடித்த பிறகு அது என்னை விடவில்லை.

எனக்கு ஜோடியாக ஆடுபவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருப்பவர். கோவளம் பக்கத்துக் கடலோரக் குடும்பம். விடியுமுன் மீன் எடுக்கப் போய், மத்தியானம் வரை வியாபாரம் பார்த்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாயங்காலம் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு நான் சார். ரொம்பக் கோபம் வந்தாலோ ரொம்பச் சந்தோஷம் வந்தாலோ மச்சான் ஆகிவிடுவேன். தோற்பது மட்டும் அந்த மனிதருக்கு ஆகவே ஆகாது.

அந்தச் சனிக்கிழமை, எங்களிடம் வழக்கமாகத் தோற்கிற ஜோடியிடம் நாங்கள் படுமோசமாகத் தோற்றோம். எல்லாம் என்னால்தான். லட்டு மாதிரி வந்த பந்துகளைக்கூட வலையில் அடித்தேன், இல்லாவிட்டால் ஏரிக்கு அனுப்பினேன். அண்ணா மட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"இன்னா சார் நீ? பந்து வர சொல்லோ கண்ண மூடிக்கினு ஆடுற! சாமி கும்பிடவா வந்தே?"

கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "என் கண்ணைப் பத்தி மட்டும் பேசாதீங்க அண்ணா. தூரத்து சிக்னலைப் பாத்து ஆயிரக்கணக்கான ஜனத்தை ஏத்திட்டுப் போற கண்ணு இது" என்று எகிறினேன். அவர் எதிர் ஜோடியிலிருந்த ஒருவரை எனக்குப் பந்து போடச் சொல்லிவிட்டு, தன் போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு போனை என் கையில் திணித்தார். "பேச்சு இன்னாத்துக்கு? நீயே பாத்துக்க."

பார்த்தேன். பந்து வலையைத் தாண்டும் வரை என் கண் அதன் மேல் ஒழுங்காகத்தான் இருந்தது. கைக்கெட்டும் தூரத்துக்கு அது வந்ததும், இரண்டு கண்ணும் இறுக மூடி, முகம் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மட்டை பாட்டுக்குக் குருட்டாம்போக்கில் வீசியது. ஒரு பந்து, இரண்டு பந்து என்றில்லை, எல்லாப் பந்துக்கும் அப்படித்தான். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதுவரை கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அது எந்த முகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருடம் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். வண்டியை நல்ல வேகத்தில் ஓட்டிக்கொண்டு வருகிறேன். எதிரே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறார். சைக்கிள் சக்கரம் எதிலோ மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓட மனசு வராமல் இழுக்கிறார், இழுக்கிறார், இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஹார்னை அலறவிட்டேன். அவசர பிரேக்கைப் போட்டேன். ரயில் என்ன ஆட்டோவா, சட்டென்று ஒடித்துத் திருப்ப? பிரேக் போட்ட பிறகு, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஓட்டுகிறவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த ஒரு வேலையைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. கண்ணை இறுக மூடி, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டேன். டமார் என்று ஒரு சத்தம்.

வண்டி நின்றது. ஒருவழியாக இறங்கிப் பின்னால் நடந்து போனால், அந்த மனிதர் ஜல்லிக்கற்களின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிள் அப்பளமாகிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டியை நாசம் பண்ணிட்டியேப்பா!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். சாதாரண நாளாக இருந்தால் நானும் எகிறியிருப்பேன். அன்றைக்கு அவர் திட்டத் திட்ட என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. அங்கே கூடிவிட்ட ஜனத்தில் ஒரு அம்மா, "கடைசி நேரத்துல ஒரே தாவா தாவிட்டாரு சார், பாத்தீங்களா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சில நாள் ஓய்வு கொடுத்தார்கள், பிறகு வேலைக்குத் திரும்பினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். தூக்கத்தில் மட்டும் அந்த டமார் சத்தம் வந்துகொண்டிருந்தது. கனவில் அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தாவவில்லை.

போனில் என் முகத்தைப் பார்த்த பிறகு, அடுத்து ட்ரெயின் ஓட்டிய அன்று நானே என்னைக் கவனித்தேன். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது ஓரத்தில் நெருக்கியடித்து நிற்பார்களே, அந்த முதல் வரிசை ஜனம் கிட்டே வரும் நேரத்தில் என் கண் தானாகக் கீழே இறங்கி வேகமானியைப் பார்த்தது. அடுத்த ஸ்டேஷனிலும் அதேதான். அத்தனை பேர் உயிரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டக் கூடாது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் நேரே அதிகாரியிடம் போய், "என்னை இறக்கிடுங்க சார், நான் இப்ப ஓட்டக் கூடாது" என்றேன். நல்ல மனிதர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டார். வண்டி ஓட்டாத ஒரு ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்.

கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். மனநல டாக்டர் ஒரு அம்மா. பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகுங்கள், அவசரம் வேண்டாம் என்றார். கூட வேலை பார்ப்பவர்களோ, பேசாமல் ஆபீஸ் நாற்காலியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள், தலைக்கு மேல் ஃபேன், ராத்திரி டியூட்டி கிடையாது, ராஜ வாழ்க்கை என்றார்கள். என் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க. பயந்துபோய் விட்டீங்கன்னா அது வேற." அது நெஞ்சில் தைத்தது. கண்ணைத் திறந்துகொண்டு ஓட்ட முடிந்தால் ஓட்டுவது, இல்லையென்றால் அந்த முன்னறைக்குள் இனி காலே வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அண்ணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தன் மட்டையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ட்ரெயின் மேட்டரு எனுக்குத் தெரியாது சார். பந்து எவ்ளோ வேணும்னாலும் போடறேன். நீ வா."

முதலில் பக்கத்தில் நின்று கையாலேயே மெதுவாகப் போட்டார். கடைசி வரை பார், கடைசி வரை பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிரயோஜனமில்லை. மூடுவது எனக்குத் தெரிவதற்குள் கண் மூடியிருக்கும். ஒரு வாரம் இப்படியே ஓடிய பிறகுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சிக்னலையும் நாங்கள் கையை உயர்த்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். வாய் சொல்ல வேண்டுமானால் கண் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

பழைய பந்துகளை எடுத்து மார்க்கர் பேனாவால் பெரிய பெரிய வட்டம் போட்டேன். சிலதில் சிவப்பு, சிலதில் பச்சை. பச்சை வந்தால் அடிக்க வேண்டும். சிவப்பு வந்தால் தொடக் கூடாது. எதுவானாலும் முதலில் கையை உயர்த்திக் கத்த வேண்டும். அண்ணா கடையிலிருந்து மீன் கூடை ஒன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அதில் கலந்து கொட்டினார். மறுநாள் முதல் பந்தெல்லாம் வஞ்சிரம் வாசனை அடித்தது.

ஆரம்பத்தில் சிவப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினேன். "சிக்னல தாண்டிட்டே சார்!" என்று அண்ணா கூவுவார். எங்கள் தொழிலில் சிவப்பைத் தாண்டுவதைப் போல ஒரு பெரிய குற்றம் கிடையாது. விளையாட்டுக்குச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ரோஷம்தான் என்னைப் பிடித்துத் தள்ளியது. சாயங்காலம் நடக்க வருகிறவர்கள் கம்பி வலைக்கு வெளியே நின்று, நடுவயசு ஆள் ஒருவன் கையைத் தூக்கி "ரெட்! க்ரீன்!" என்று அலறுவதை வேடிக்கை பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கையால் போட்ட பந்துக்குக் கண் மெல்ல மூடாமல் நிற்க ஆரம்பித்தது. உடனே அண்ணா மட்டையால் அடித்துப் போட்டார். பழைய குருடி கதவைத் திறடி. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தேன். "அது இன்னா பண்ணுச்சி பாவம்? எடு மச்சான், இன்னும் கூடை காலியாவல" என்றார். எடுத்தேன். மறுநாளும் போனேன். மழைக்கு முந்தின புழுக்கத்தில் சட்டை பிழியப் பிழிய, தினமும் போனேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணா அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை விளாசினார். அது அவர் நினைத்த இடத்துக்குப் போகாமல் நேரே என் முகத்துக்கு வந்தது. பந்து உரசியதில் வலையின் மேல் பட்டை அதிர்ந்தது தெரிந்தது. பந்து சுழல்வது தெரிந்தது. வட்டம் மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தது. "க்ரீன்!" என்று கத்தினேன். மட்டை வந்து சேர்வதற்குள் பந்து என் கன்னத்தில் பளாரென்று இறங்கியது.

உட்கார்ந்துவிட்டேன். அண்ணா வலையைச் சுற்றி ஓடிவந்தார். "ஐயோ மச்சான், கண்ணுல பட்டுச்சா? காட்டு, கைய எடு, காட்டு!"

"பாத்தேன் அண்ணா. கடைசி வரைக்கும் பாத்தேன்" என்றேன். எனக்குச் சிரிப்பு. கூடவே கண்ணில் தண்ணீர், வலியாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. அவர் போய்ப் பந்தைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பச்சை வட்டம். வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் பந்தைத் தூக்கிக் காட்டி, "பாத்துட்டான்யா!" என்று அண்ணா போட்ட கூச்சலில் ஏரிப் பறவைகள் எழுந்து பறந்திருக்கும். வீங்கின கன்னத்தோடு வீட்டுக்குப் போனேன். யாரோடு சண்டை என்று மனைவி கேட்டாள். பந்தோடு என்றேன்.

அதற்குப் பிறகும் எளிதாக இல்லை. இன்னும் பல வாரம் பயிற்சி, டாக்டர்களின் பரிசோதனை, பிறகு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சில ஓட்டங்கள். எல்லாம் முடிந்து, மறுபடி தனியாக முன்னறையில் ஏறினேன். பிளாட்பாரங்களில் ஜனத்தின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எட்டிப் பார்க்கிறவர், பல் குத்துகிறவர், போனில் சண்டை போடுகிறவர், எல்லாரும் தெரிந்தார்கள்.

மறு வருடக் கோடையில், அதே வழியில், ஒரு பெண் தலையில் மூட்டையோடு தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். ஹார்ன், பிரேக். என் கழுத்து பழைய வழக்கப்படி இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஆளில்லாத அறையில் கையை உயர்த்தி, "ரெட்! ரெட்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கண் நின்றது. மூட்டையை அவர் உதறுவதைப் பார்த்தேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவுவதைப் பார்த்தேன். பின்னங்கால் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றுவதையும் பார்த்தேன். வண்டி நின்றபோது அவர் நெஞ்சில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நான் சீட்டிலேயே சாய்ந்துகொண்டேன். அந்த சைக்கிள்காரரும் இப்படித்தானே தாவியிருப்பார்! அத்தனை பேர் பார்த்தார்கள், நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. நடக்காத ஒரு சாவை அதனால்தான் அத்தனை மாதம் தூக்கத்தில் சுமந்திருக்கிறேன். அன்று ராத்திரி கனவில் அவர் வந்தார், சைக்கிளை விட்டுவிட்டுத் தாவினார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இன்னமும் சில சமயம் தோற்கிறோம், அண்ணா இன்னமும் சாமியாடுகிறார். எது நேரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று எனக்கு இப்போதும் ஒரு கணம் தோன்றத்தான் செய்யும். அப்போதெல்லாம் கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொள்வேன், ஏனென்றால் கடைசி வரை பார்க்கிறவனுக்குத்தான் எதிரே இருப்பவர் பிழைத்ததும் தெரியும்.