ஓடுகிற கலர்

அலுவலகம் என்றால் சாம்பல் நிறம் என்று ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பம்ப்செட் கம்பெனியில் விலைப்புள்ளி தயாரிக்கிறவன் நான். சேர்ந்த நாளிலிருந்து மேசை சாம்பல், பீரோ சாம்பல், மேலதிகாரியின் முகமும் கிட்டத்தட்ட அதே ஷேடு. எனவே வேலை ஒழுங்காக நடப்பதற்கே அந்த நிறம்தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

கம்பெனி கோயமுத்தூர் ஆபீசை மூடிவிட்டு எங்களைத் தற்காலிகமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. துடியலூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை எனக்குக் கிடைத்தது. இடது கைப்பக்கம் ஊறுகாய், வலது கைப்பக்கம் மௌஸ். அவசரத்தில் இரண்டொரு முறை மாற்றிப் பிடித்ததும் உண்டு.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண்மணி புது மேலாளராக வந்தார். வரப்போகும் திங்கட்கிழமை ஒவ்வொருவரிடமும் வீடியோவில் பேசுவேன், வேலை பார்க்கும் இடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன், அதன் பிறகு யார் வீட்டிலேயே இருக்கலாம், யார் பெருந்துறை தொழிற்சாலைக்கு தினமும் வர வேண்டும் என்று சொல்வேன் என்று எழுதியிருந்தார். துடியலூரிலிருந்து காந்திபுரம், அங்கே பஸ் மாறி பெருந்துறை, இறங்கி தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடும். மீதி நாளில் என் முதுகு போய்விடும்.

கடிதத்தைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், வீடியோவில் எப்படித் தெரிவேன் என்று பார்க்க, ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து செல்போனில் என்னையே படம் பிடித்தது. படத்தில் ஃபிரிட்ஜ் கம்பீரமாக இருந்தது. நான் அதை ரிப்பேர் பார்க்க வந்த ஆள் மாதிரி இருந்தேன்.

வெங்காய மூட்டையும் ஓடாத தையல் மிஷினும் கிடந்த பின்னறையை அன்றே காலி செய்தேன். மூடிய ஆபீசிலிருந்து கழித்துக்கட்டிய சாமான்களை எங்களுக்கே பழைய இரும்பு விலைக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு ரேக், ஒரு மடக்கு நாற்காலி, இரண்டு டிராயர் வைத்த சின்ன பீரோ. எல்லாம் துரு. பெயின்ட் அடிக்க ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. நானே அடித்தால் வீட்டில் கட்டுப்படியாகாது.

கணபதியில் பவுடர் கோட்டிங் போடும் பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். பெயின்டைப் பொடியாக இரும்பின் மேல் ஊதி, அடுப்பில் வைத்துச் சுடுகிற வேலை. நான்கு உருப்படிகளையும் வியாழக்கிழமை அவரிடம் இறக்கினேன்.

"என்ன கலருங்க?" என்றார்.

"கிரே. நல்ல ஆபீஸ் கிரே."

"ஏனுங்க, உங்க நாலு உருப்படிக்காக நான் பொடி ஊதற பூத்தைக் கழுவிக் கலர் மாத்த முடியுங்களா? ஓடற கலர்ல, கொக்கி காலியா இருக்கறப்ப தொங்க உட்டுப்போடறேன். டீக்காசு குடுங்க, போதும்."

"இப்ப என்ன கலர் ஓடுது?"

"நாளைக்கிருந்து வாரம் பூராவும் கிரேதானுங்க. கரண்ட் பேனல் பெட்டி ஆர்டர். உங்க நேரம் நல்லா இருக்குது."

என் நேரத்தைப் பற்றி இதுவரை நல்லதாகச் சொன்ன யாரும் சரியாகச் சொன்னதில்லை. அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. தார்ப்பாயை விலக்கினேன். மேசை கிளிப்பச்சை. ரேக், ரோட்டில் குழி தோண்டுகிற வண்டி இருக்குமே, அந்த மஞ்சள். பீரோ பள்ளிக்கூட பெஞ்சு நீலம். நாற்காலி ஆரஞ்சு. பழுத்த ஆரஞ்சு. வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் இதுதானுங்களே?" என்றார்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பேனல் பெட்டிக்குத் தகடே வரலைங்க. களையெடுக்கற மிஷின் பச்சைல வந்துச்சு, கிரேன் பார்ட்டு மஞ்சள்ல வந்துச்சு, பொறவு ஏதேதோ வந்துச்சு. உங்களுக்கு நேத்துக் கூப்புட்டனுங்க, அம்மணிதான் எடுத்தாங்க. கிரேவுக்கு நிக்க வேண்டாம், ஓடற கலர்ல போடுங்கன்னாங்க."

"இப்ப திரும்பக் கிரே போட முடியுமா?"

"தாராளமா. தகடு வந்துபோட்டுது. திங்கக்கெழமை காலைல கிரேதான் ஓடுது. கொண்டாங்க."

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் எனக்கு வீடியோ. போனை வைத்துவிட்டு அம்மணியைத் தேடினேன். என் மனைவி அடுப்படியில் கடலையைக் கொறித்தபடி என்னை எதிர்பார்த்துத்தான் நின்றிருந்தாள்.

"நீதான் சொன்னயா?"

"நாந்தான் சொன்னேன். கிரே வார வரைக்கும் தரையிலயா உக்காந்து விலை போடுவீங்க?"

"அந்த மேலாளரம்மா பார்த்தா ஆபீஸ்னு நம்புவாங்களா? பொரிகடலைக் கடைன்னு நினைப்பாங்க. பெருந்துறைக்கு நீ வந்து பஸ்ல தொங்குவயா?"

"ஏனுங்க, உங்க மூஞ்சியே சாம்பலாத்தான் இருக்குது. பின்னாடியும் சாம்பலை வெச்சா, அந்தம்மா உங்களை எங்கன்னு தேடுவாங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளை அவள் கடலையோடு சேர்த்துத்தான் கேட்பாள்.

அன்று சாயங்காலம் என்னிடமிருந்த நான்கு வெள்ளை வேட்டிகளையும் எடுத்து ரேக்கின் மேலும் பீரோவின் மேலும் கட்டி மறைத்தேன். பாந்தமாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க போயிட்டாங்க?" என்றாள்.

சொல்லிவிட்டு வேட்டிகளை ஒவ்வொன்றாக உருவினாள். நான் தடுக்கவில்லை. இரவெல்லாம் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பிறகு அவள் வேலையை ஆரம்பித்தாள். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் துணி வெட்டுகளை எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். அவற்றைப் பின்னி நாற்காலிக்கு ஒரு மெத்தை, ஜன்னலுக்குக் கீற்றுக் கீற்றாக ஒரு திரை. நான் கம்பெனியிலிருந்து ஆசைக்காகக் கேட்டு வாங்கி வந்த, வார்ப்பில் கோணலாகிப்போன மூன்று பம்ப் மூடிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றில் மண்ணைப் போட்டு மணிபிளான்ட் வைத்தாள். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. தூக்கியெறிய மனமில்லாத பழைய பம்ப் கேட்லாக்குகளிலிருந்து அட்டைப் படங்களை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொரு பம்ப்பும் எனக்கு ஒரு வருடம். இன்னது எந்தத் தோட்டத்துக்குப் போனது, எந்த ஊர்க்காரர் விலையைக் குறைக்கச் சொல்லி என் டேபிளிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்தார் என்று சொல்லிக்கொண்டே ஒட்டினேன். அவள் கத்தரியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாக நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். நான் சொல்லத் தொடங்கி, இரண்டு தடவை காப்பி ஆறிப்போனது.

சாயங்காலம் ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் மஞ்சள் ரேக்கில் பட்டு அறை முழுக்கத் தெறித்தது. எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயத்தை இன்னும் அதிகமாக்கியது. பிடிக்காத அறை போனால் போகட்டும் என்று விடலாம். இதை விட்டுவிட்டு எப்படி பெருந்துறை பஸ் ஏறுவது?

திங்கட்கிழமை பதினோரு மணி. இஸ்திரி போட்ட சட்டை, அதற்குக் கீழே யாரும் பார்க்கப்போகாத லுங்கி. அதுவும் பச்சை, மேசைக்குப் பொருத்தமாக. எனக்குப் பின்னால் எல்லா நிறமும் இருக்கிறதற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று நான்கு பதில்கள் மனப்பாடம். வாஸ்து என்பதும் அதில் ஒன்று.

மேலாளர் திரையில் வந்தார். வணக்கம் சொன்னார். கண்ணைச் சுருக்கி என் பக்கம் பார்த்தார்.

"என்ன சார், தோட்டத்துல உட்கார்ந்திருக்கீங்களா? பின்னாடி கலர் கலரா பூ மாதிரி தெரியுதே."

"தோட்டம் இல்லைங்க மேடம். ரேக்குங்க. அது பீரோவுங்க."

அப்போதுதான் திரையின் ஓரத்தில் என் சின்னப் படத்தைப் பார்த்தேன். என் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. பின்னால் இருந்ததெல்லாம் கரைந்துபோய், மஞ்சளாகவும் நீலமாகவும் வெறும் திட்டுகள். கம்பெனி கணினியில் எல்லோருக்கும் பின்னணி தானாகவே மங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள். செல்போனில் ஒத்திகை பார்த்த எனக்கு அது தெரியாது.

"அது கிடக்கட்டும் சார். தனி ரூம் இருக்குதா?"

"இருக்குங்க."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ் இருக்குங்க."

"சரி, நீங்க வீட்லயே இருங்க. மாசம் ஒரு நாள் பெருந்துறை வந்தா போதும்."

பேச்சு மொத்தம் ஆறு நிமிடம். வாஸ்துவுக்கு வேலையே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்த என் மனைவி உள்ளே வந்து, ஜன்னல் திரையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பழக்கத்தில் நான் பச்சை மேசைக்குக் கொண்டுவந்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து, சாப்பாட்டு மேசையில் நான் காலி செய்த அந்த மூலையில் திரும்ப வைக்கப் போனாள்.